இணையவழிப் பாடத்துக்கும் கால அட்டவணையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ‘ஸ்வயம்’ அல்லது அதில் ஐஐடிகள் வழங்கும் ‘என்பிடெல்’ பாடம் ஒன்றில் பதிவு செய்துகொள்ளுமாறு மாணவர்களிடம் கல்லூரிகள் சொல்லிவிடுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தில் படித்து, அதற்கான கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்ததற்கான தகுதிப் புள்ளிகளை, பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டு விதிமுறைகளில் இந்த வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. வாய்ப்பு இரட்டிப்பானதில் மகிழ்ச்சிதான். ஆனால், அந்தப் பாடத்தை மாணவர் எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து படிப்பார் என்று பெரும்பாலான கல்லூரிகள் யோசிப்பதில்லை. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இத்தகைய பாடங்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இணையவழிப் படிப்பு என்றால் ஓய்வு கிடைக்கும்போது கைப்பேசியில் காணொளி பார்ப்பது என்றே பெற்றோர் பலரும், சில ஆசிரியர்களும்கூட நினைக்கிறார்கள். என்பிடெல்லின் 12 வாரப் பாடம் ஒன்றில் வாரந்தோறும் ஏறக்குறைய அரை மணி நேரக் காணொளிகள் ஐந்தாறு வெளியாகும். கூடவே, விடையளித்து அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு (அசைன்மென்ட்) ஒன்றும் வரும். பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59 மணியோடு கெடு முடிந்துவிடும். அதன்பின் எந்தக் காரணத்தைச் சொல்லியும் பயனில்லை. பன்னிரண்டு ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண். மீதி 75 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு உரியது. ஒப்படைப்பில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டிலும் தனித்தனியாகத் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பிலும் தேர்வுகளை நேரில் சென்றுதான் எழுத வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று அந்நிறுவனமே சேரும் முன் சொல்லிவிடுகிறது.

நம் கல்லூரிகளில் அந்த 10 மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வருவதே இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு டெலிகிராம் குழுக்களில் ஒப்படைப்பின் விடைகள் சுற்றத் தொடங்குகின்றன. புதன்கிழமை அவற்றைப் பார்த்துக் குறித்துவிட்டால் அந்த வாரம் முடிந்தது. இப்படி ஒப்படைப்பில் 25க்கு 22, 23 என்று வாங்கியவர்களே தேர்வில் 30ஐத் தொட முடியாமல் திரும்பி வருகிறார்கள். இதை மாணவர்களின் சோம்பல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை.

பள்ளியில் தமிழ்வழியில் படித்துவந்த எங்கள் மாணவி ஒருவர் தம் நோட்டைக் காட்டினார். காணொளியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை ஆங்கிலத்தில் எழுதி, புரியாத சொற்களுக்கான தமிழ்ப் பொருளைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். அரை மணி நேரக் காணொளிக்கு அவருக்கு ஒன்றேகால் மணி நேரமாவது தேவைப்படுகிறது. படிப்பு என்பது அதுதான். ஆனால் மேசையும் அமைதியும் இருந்தால்தான் அது நடக்கும். பேருந்தில் நின்றுகொண்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் காணொளியை ஓடவிடுபவருக்குப் பாடம் பார்த்த நினைவு மட்டுமே எஞ்சுகிறது. என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்கு உரையின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது என்பதே அந்த மாணவிக்கு அதுவரை தெரியாது, எவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐயம் கேட்கும் விவாதப் பகுதி இருக்கிறது; கேட்டால் பாட உதவியாளர்கள் பதில் எழுதுகிறார்கள். நம் மாணவர்களில் மிகச் சிலரே அங்கே கேட்கிறார்கள். வகுப்பிலேயே கை தூக்கத் தயங்குபவர், எந்தப் படி வரை புரிந்தது, எங்கே சிக்கியது என்பதை முன்பின் தெரியாதவருக்கு நான்கு வரியில் எழுத வேண்டும் என்றால் எப்படி முன்வருவார்? இணையவழிப் படிப்புக்குத் தேவையான திறன்களில், ஐயத்தை இப்படி எழுதிக் கேட்பதே முதன்மையானது என்பது என் கருத்து. முதலாண்டிலேயே இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குக் கணினி அறிவைவிட ஆசிரியரின் பொறுமைதான் தேவை.

எங்கிருந்தும் எப்போதும் படிக்கலாம் என்பதுதானே இதன் சிறப்பு, இதற்கு எதற்கு வகுப்பு நேரம் என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் முப்பது வயதுக்காரருக்கு அந்த வசதி பெரிய வரம், மறுக்கவில்லை. பகல் முழுவதும் வகுப்பில் இருந்துவிட்டு, மாலையில் பகுதிநேர வேலைக்கும் போகும் பதினெட்டு வயதுக்காரருக்கோ மிஞ்சுவது இரவு பதினொரு மணிதான். அதுவும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்காவிட்டால்.

எனவே, இணையவழிப் பாடத்தைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும் கல்லூரிகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தையாவது கால அட்டவணையில் அதற்கென ஒதுக்கி, அந்த நேரத்தில் கணினி ஆய்வகத்தைத் திறந்துவைக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் நேரம் அவரது பணிப்பளுவில் கணக்கிடப்பட வேண்டும். இப்போது பெரும்பாலான இடங்களில் அது கணக்கில் வருவதில்லை. பாடத்தில் சேர்வது இலவசம் என்றாலும், தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம் என்றாலும், நூறு நாள் வேலையை நம்பியிருக்கும் மற்ற குடும்பங்களுக்கு அந்தத் தொகை ஏறத்தாழ மூன்று நாள் கூலி. கிரெடிட்டுக்காகக் கட்டாயப்படுத்தும் கல்லூரி, இயலாதவர்களின் கட்டணத்தைத் தானே ஏற்பதுதான் முறை. ஜூலைப் பருவத்துக்கு முன் கூடும் பாடத்திட்டக் குழுக்கள், இணையவழிப் பாடங்களுக்கு எதிரே கிரெடிட் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், வாராந்திர மணி நேரத்தையும் பொறுப்பு ஆசிரியரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்