காரைக்குடி மின்வேதியியல் விஞ்ஞானிகளுக்கு: பால் சங்கத்து வாசலுக்குப் பெராக்சைடு சோதனைப் பட்டை வேண்டும்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகளுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வளாகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வீட்டில் மாடும் உண்டு. பால் சங்கத்துக்குத்தான் போகிறது. சித்திரை வெயிலில் வண்டி வருமுன் பால் திரிந்துவிடும். அதைத் தள்ளிப்போட யாரோ ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கம் ஓய்வதே இல்லை. பாலில் அதைச் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை.

தயிர் உறையாவிட்டால் எதிர்வீட்டு ஆச்சி, "பால்ல என்னத்தையோ கலந்துட்டாக" என்று ஆரம்பித்துவிடுவார். பெராக்சைடு மிச்சமிருந்தால் உறை கெடும், சரி. ஆனால் மடிநோய்க்குப் போட்ட ஊசி மருந்து பாலில் இறங்கினாலும் உறையாதே! எது எப்படிப் போனாலும் பழி மாடு வைத்திருப்பவர் தலையில்.

சங்கத்து மெஷின் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) சொல்லும், பெராக்சைடைச் சொல்லாது. பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் விட்டால் பெராக்சைடு கலந்த பாலில் நீலம் வரும். பள்ளி லேபில் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் கேன் கழுவிய பிளீச்சிங் பவுடர் ஒட்டியிருந்தாலும் அதே நீலம்தான். அயோடைடு கரைசலும் வெளிச்சம் பட்டால் மஞ்சளித்துப் போகும். சரி, மாதிரி எடுத்து நகரத்து லேபுக்கு அனுப்பலாமா? பாலிலேயே இருக்கிற கேட்டலேஸ், லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதிகளே போகிற வழியிலேயே பெராக்சைடைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அதனால் சோதனை சங்கத்து வாசலிலேயே, கேன் திறந்த கையோடு நடக்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரையை மின்முனையால் அளக்கும் கருவிகளின் ஆரம்ப வடிவங்கள் பலவற்றில் அளக்கப்பட்டதே இந்தப் பெராக்சைடுதான்: நொதி குளுக்கோஸில் வேலை செய்யும்போது அது உண்டாகும், மின்முனை அதை எண்ணும். வெறும் பிளாட்டினத்தில் 0.6 வோல்ட் வாக்கில் அளந்தால் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் சேர்ந்து கணக்கில் ஏறும். பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்மத்தைப் பூசினால் சுழி வோல்ட் பக்கத்திலேயே பெராக்சைடை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) அளக்கலாம், அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இதெல்லாம் உங்களுக்கு அரிச்சுவடி.

என் குறை வேறு. ஆய்வுக் கட்டுரைக்குக் கட்டுரை, நானோமோல் அளவு பெராக்சைடையும் கண்டுபிடிப்பதில் போட்டி. ஒரு லிட்டரில் 34 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிமோல், அதாவது பத்து லட்சம் நானோமோல்; பால் கெடாமலிருக்க ஊற்றுகிறவர் நானோமோல் கணக்கிலா ஊற்றப்போகிறார்? அளவீடு தெளிந்த பஃபர் கரைசலில் பிரமாதமாக வருகிறது. பாலில் முக்கினால் புரதமும் கொழுப்பும் மின்முனையில் ஏடாகப் படிந்து, சிக்னல் படிப்படியாகச் சாய்கிறது. நிறப் பட்டைக்கு வேறு தலைவலி. டி.எம்.பி. என்ற நிறம் மாறும் பொருளும் பெராக்சிடேஸ் நொதியும் தரும் நீலத்தை 652 நானோமீட்டரில் படிக்கலாம், ஆனால் பாலின் வெண்மை அந்த ஒளியைச் சிதறடித்துவிடும். பாலை முதலில் தாளில் வடிய விட்டு, தெளிந்து ஊறிவரும் நீரில் நிறம் பார்ப்பது எனக்குத் தெரிந்த சுலபமான வழி.

ஆகவே கேட்பது இது. மின் பட்டை ஒன்று, நிறப் பட்டை ஒன்று. இரண்டையும் ஏமாற்றுகிற பொருட்கள் பெரும்பாலும் வேறு வேறு என்பதால், இரண்டும் ஒத்துச் சொன்னால் மட்டுமே பாலைத் திருப்பட்டும். ஒன்று மட்டும் சொன்னால் மறுபடி பார்க்கட்டும். ஒரு நாள் பால் திரும்பினால் சில வீடுகளில் அன்றைய செலவுக்கே திண்டாட்டம். பட்டை டப்பா ஃபிரிட்ஜ் இல்லாமல் 40 டிகிரியில் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் கண்டறிதல் வரம்புக்கு (பட்டை காட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு) பக்கத்திலேயே எழுதுங்கள்.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் உங்களுடையது. லித்தியம் பேட்டரிக்கு நடுவே இதற்கும் ஒரு மாணவரை ஒதுக்குங்கள். அவரை மே மாதத்தில் அனுப்புங்கள், காலை ஆறு மணிக்குள், வண்டி வருவதற்கு முன்னால். சங்கத்துச் செயலாளரிடம் நான் பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தில் பால் ஊற்றும் ஒரு வேதியியல் ஆசிரியர்