மயிலாடுதுறையில் நீராவி எஞ்சின் சக்கரக் காட்சி: நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். 'கரி எஞ்சின்' என்று நாம் ஒரே பெயரால் அழைத்துவந்த எஞ்சின்கள் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதை நம் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி, மூன்று வகை மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை) எஞ்சின்களின் ஓட்டுசக்கரங்களை, அதாவது நீராவி விசையால் சுழன்று வண்டியை நகர்த்தும் பெரிய சக்கரங்களை, அசல் அளவிலேயே மரத்தில் செய்து, ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றில் நிறுவ எங்கள் குழு முனைந்துள்ளது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலேயே ரயில் ஓடிய வட்டாரம் இது.

பயணிகள் வண்டிக்கென அமைந்த ஒய்.பி. எஞ்சினின் ஓட்டுசக்கரம் 4 அடி 6 அங்குல விட்டமுடையது. சரக்கு வண்டிக்கான ஒய்.ஜி.யினுடையது 4 அடி. அரையடிதானே என்று தோன்றும். ஆனால் நீராவி எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை போய்வந்தால் சக்கரம் ஒருமுறை சுழலும். நடுவில் கியர் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு சுற்றில் ஒய்.பி. 14 அடிக்குச் சற்று மேல் நகர, ஒய்.ஜி. பன்னிரண்டரை அடிதான் நகரும். வேகத்தில் விட்டதை அது இழுவிசையில் பிடித்துக்கொள்ளும். மேலும் ஒய்.பி.யில் மூன்று ஜோடி ஓட்டுசக்கரங்கள் என்றால் ஒய்.ஜி.யில் நான்கு ஜோடி. எஞ்சினின் எடையில் பெரும்பங்கு அவற்றின்மேல் இறங்குவதால், நெல் மூட்டைகள் ஏற்றிய நீண்ட வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது சக்கரம் வழுக்குவது குறைகிறது. ஏற்றமே இல்லாத நம் சமவெளியில் எஞ்சினுக்குக் கடினமான வேலை அந்தக் கிளப்பல்தான். (மலையேறும் நீலகிரி எஞ்சினுக்குப் பல்சக்கரமும் வேண்டியிருக்கிறது, அவற்றில் சிலவற்றை நம் திருச்சி பொன்மலை ரயில் பணிமனையே செய்து தந்தது என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு.)

மூன்றாவது, ஒய்.எல். 1986இல் நின்றுபோன நம் தரங்கம்பாடிப் பாதையைப் போன்ற கிளைப்பாதைகளில் வேகமும் பெரும்பாரமும் முக்கியமல்ல. மெல்லிய தண்டவாளமும் சிறு பாலங்களும் எஞ்சினைத் தாங்க வேண்டும். முந்தைய இரண்டும் அச்சு ஒன்றுக்குப் பத்தரை டன் சுமத்த, கிளைப்பாதைக்கென வடிவமைத்த ஒய்.எல். சுமார் 8 டன்னோடு நின்றது. சக்கரம் 3 அடி 7 அங்குலம்.

இச்சக்கரங்களை 15 அடித் தண்டவாளத் துண்டின்மேல் ஒரு சுற்று உருட்டி, எது எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளே கோடு போட்டுப் பார்ப்பார்கள். மரம், இரும்புப் பட்டை, தண்டவாளத் துண்டு, ஆசாரிகளின் கூலி ஆகியவற்றுக்கே நன்கொடை கேட்கிறோம். ரூ. 100 தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் கூடத்தின் வாசலில் ஒட்டப்படும். பணமாகத் தர இயலாதவர்கள் நன்கு உலர்ந்த பூவரசு, வேல மரத்துண்டுகளைத் தரலாம். கட்டைவண்டிக்கு வட்டையும் ஆரக்காலும் கோத்துப் பழகிய ஆசாரிகள் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களை எங்களிடம் அழைத்துவருவதையும் பெரிய நன்கொடையாகவே ஏற்போம்.

இங்ஙனம்,
சக்கரக் காட்சி அமைப்புக் குழுவினர்,
மயிலாடுதுறை.