கம்பஸ் போகும் தம்பிக்கு

அன்பின் தம்பிக்கு,

திருகோணமலையில், கோணேசபுரி கம்பஸில் உனக்கு வகுப்பு தொடங்கப்போகுது. வீட்டிலிருந்தே நிலாவெளி பஸ்ஸில் போய்வரலாம் என்பதில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. எனக்கு அதில்தான் கொஞ்சம் யோசனை. அதே அறை, அதே மேசை, அதே அம்மாவின் தேத்தண்ணி. பள்ளிக்கூடம்தான் இன்னும் தொடருது என்று மனம் நம்பிவிடும்.

ஏ.எல் படித்த காலத்தில் உன்ர நாளை மற்ற ஆட்கள்தான் பிரித்துத் தந்தார்கள். பள்ளிக்கூடம் விட ரியூசன், ரியூசன் முடிய பாஸ்ட் பேப்பர். எந்த அலகு எப்போது முடியவேணும், எந்தக் கணக்கு கட்டாயம் வரும் என்பதெல்லாம் சேர்மார் பார்த்துக்கொண்டார்கள். நீ இரவிரவாக உழைத்தாய், எனக்குத் தெரியும். ஆனால் எதைப் படிப்பது, எவ்வளவு படித்தால் போதும் என்று நீயாகத் தீர்மானிக்கவேண்டிய தேவை வரவேயில்லை. இனி அதுதான் உன்ர முதல் வேலை.

பட்டப்படிப்புகளை அளக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். அதில் விரிவுரைக்கு வழக்கமாக 15 மணித்தியாலம். அப்படிப் பார்த்தால் மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம் தேவை, விரிவுரை மண்டபத்தில் நடப்பது 45 மட்டும். மிச்சம் 105 மணித்தியாலமும் வாசிப்பு, பயிற்சி, அசைன்மென்ட், சோதனை ஆயத்தம் என்று உன்ர கையில்தான். வரவுக்குக் கையெழுத்து வைப்பது மண்டபத்துக்குள் நடப்பதற்கு மட்டுமே கணக்கு. அந்த 105 என்னவாச்சு என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. லெக்சரரும் கேட்கமாட்டார், அம்மாவாலும் கேட்கமுடியாது.

இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன் நீ. எல்லை (limit) காண்பது உனக்குத் தண்ணிபட்ட பாடு. பல்கலைக்கழகக் கணிதத்திலோ எப்சிலன், டெல்டா என்று இரண்டு எழுத்தை வைத்து, அந்த எல்லை உண்மையிலேயே இருக்கிறது என்று நிறுவு என்பார்கள். விடை வந்தால் போதும் என்ற பழக்கம் அங்கே உதவாது. சேர் கரும்பலகையில் நிறுவும்போது ஒவ்வொரு வரியும் விளங்கும். வீட்டுக்கு வந்து வெறும் தாளை எடுத்தால் இரண்டாவது வரியே வராது. அந்த இடத்தில் நோட்ஸைத் திறக்காமல் கொஞ்சநேரம் இருந்து பார். எது தெரியாது என்று அப்போதுதான் உனக்கே தெரியவரும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2006 இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு நான்கு சிறு அமர்வுகளிலும் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பார்க்காமல் நினைவில் நின்றதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முன்னுக்கு. ஒரு கிழமை கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். தங்களுக்கு நல்லாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியதும் அந்த வாசித்தவர்கள்தான்! சோதனைக்கு முதல்நாள் நோட்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போது வருகிற அந்தத் தைரியத்தை நம்பாதே.

சீனியர்மார் குப்பி வைப்பார்கள், அதாவது ஜூனியர்மாரை இருத்திப் பாடம் சொல்லித்தருவார்கள். காசு வாங்காமல் தங்கட நேரத்தைத் தருகிற பெரிய மனசு அது, கட்டாயம் போ. ஆனால் கணக்கை நீ ஒருக்காலாவது போட்டுப் பார்த்துவிட்டுப் போ. எங்கே தட்டுப்பட்டது என்று சொல்லிக் கேட்கிறவனுக்கு அரை மணித்தியாலத்தில் விளங்குவது, சும்மா இருந்து எழுதுகிறவனுக்கு முழு நாளிலும் விளங்காது. சாட்ஜிபிடியும் அப்படித்தான். புரோகிராமை எழுதித்தா என்று அதனிடம் கேட்டால் அசைன்மென்ட் முடிந்துவிடும், உனக்கு ஒன்றும் சேராது. நீ எழுதியதை அதனிடம் கொடுத்து, எங்கே பிழை என்று கேள். திருத்துவதை நீயே செய்.

ஆங்கிலத்தை நினைத்துத்தான் நீ பயப்படுகிறாய் என்று அம்மா சொன்னா. தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கில விரிவுரை முதல் மாதங்களில் கஷ்டம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசி. அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு வரி எழுது. பிறகு அதையே உனக்கு வந்த ஆங்கிலத்தில் எழுது. விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு லெக்சரரின் அறைக்கே போய்க் கேள். "ஒன்றுமே விளங்கேல்ல சேர்" என்று நிற்காதே. "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் கதிரையை இழுத்துப் போட்டுச் சொல்லித்தருவார்.

முதல் கிழமை முடிய, சனிக்கிழமை நான் வீட்டுக்கு வாறன். கொப்பியைத் திறக்காமல் அந்த எப்சிலன், டெல்டாவை எனக்கு விளங்கப்படுத்து. நான் ஏ.எல்லில் வர்த்தகம் படித்தவள், இடையில் நிறையக் கேட்பேன். பதில் வராத கேள்விகளை ஒரு தாளில் எழுதிவை, திங்கட்கிழமை கம்பஸுக்குக் கொண்டுபோகலாம்.

அன்புடன்,
அக்கா