மச்சானுக்கு ஒரு கடிதம்: 26 கப்பல்களும் ஒரு பகடையும்

திருகோணமலை

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து நெடுநாளாகிவிட்டது. வேலைப்பளுவைத் தவிரப் பதில் பிந்தியதற்கு வேறு காரணம் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது; நீ அனுப்பிய தைலம்தான் அதற்குக் காரணம் என்று கோயிலடியில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறார். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். சுகம் விசாரிப்பு இத்துடன் போதும். நான் எழுதத் தொடங்கியது, பழைய சண்டைகளை மேசையில் பொம்மைகள் வைத்து ஆடும் நம் போர் விளையாட்டுக் கழகத்தில் கிளம்பியிருக்கும் வழக்கைப் பற்றி. உன் தீர்ப்பு இல்லாமல் அது முடியாது.

நாங்கள் இம்முறை எடுத்திருப்பது 1782 செப்டெம்பர் 3ஆம் திகதி நமது ஊருக்கு வெளியே கடலில் நடந்த சண்டை. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் 14 பெரும் போர்க்கப்பல்கள், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 12. ஊர்க் கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் ஆங்கிலேயரிடமிருந்து சுஃப்ரன் பிடித்துச் சில நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. உதவிக்கு வந்த ஹியூஸ் கண்டது கோட்டைகளின்மேல் பறந்த பிரெஞ்சுக் கொடியைத்தான். அந்தக் கடலைச் சுவாமி மலையில் நின்று பார்த்து வளர்ந்த நாம் இதை ஆடாமல் வேறு எவர் ஆடுவது? சண்டையைத் தெரிவதில் எவருக்கும் தகராறு இருக்கவில்லை. அதை எந்த விதிநூலின்படி ஆடுவது என்பதில்தான் கழகம் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

இந்த முடிவுக்கு வருமுன் 1942ஐச் சிலர் விரும்பினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியதும், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஆங்கிலேயரின் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் நீ அறிந்தவை. ஆனால் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அமர்பவனுக்குத் தீர்மானிக்க எதுவுமே இல்லாதபோது அது விளையாட்டாகாது என்று நான் சொன்னேன். பிறகு பெடியன் ஒருவன், நாட்டில் அண்மையில் முடிந்த போரையே மேசையில் வைத்தால் என்ன என்று கேட்டான். அது முடிந்த பிறகு பிறந்தவன் அவன். அப்புக்காத்து அவனை அதட்டவில்லை. "தம்பி, இந்த மேசையைச் சுற்றி நிற்கிறவர்களில் எத்தனை பேருடைய வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது என்று முதலில் கேட்டுப் பார்" என்றார். பெடியன் எவரையும் கேட்கவில்லை; சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தான், அதுவே போதுமாக இருந்தது. உயிரோடிருப்பவர்கள் எவரும் காணாத போரையே ஆடுவது என்பது அன்று எங்கள் முதல் விதியாயிற்று. மற்ற விதிகள் எல்லாவற்றையும்விட அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி வழக்கு. வாத்தியாருக்குப் பகடை என்றாலே பிடிக்காது. சதுரங்கத்தில் நாற்பது வயதுவரை மாவட்டத்தில் எவருக்கும் தோற்காத மனிதர், ஒரு கட்டை உருண்டு விழும் விதத்தில் கப்பல் மூழ்குவதை எப்படிப் பொறுப்பார்? (அவருடைய குதிரையை நீ சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனதை அவர் இன்னும் மறக்கவில்லை, உன் பெயரை எடுத்தாலே முதலில் அதைத்தான் சொல்கிறார்.) அப்புக்காத்துக்குத் தூரம், கோணம், பீரங்கியின் நிறை, பாயின் கிழிசல் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவும் உபபிரிவும் உள்ள நூல் வேண்டும். அப்படிப்பட்ட நூல் வந்தால் அவரோடு வாதாடியே பொழுது சாய்ந்துவிடும். பெடியன்களுக்கு வேண்டியது பிளாக் பவுடர். றிக் பிறீஸ்ட்லியும் ஜேர்விஸ் ஜோன்சனும் எழுதி 2009இல் வந்த, பளபளக்கும் படங்கள் நிறைந்த நூல். அது 1700 முதல் 1900 வரையான தரைப் போர்களுக்கு உரியது. படையணிக்குப் பதிலாகக் கப்பலை வைத்தால் சரிவரும் என்பது அவர்கள் கட்சி. அதை வெளியிட்ட நிறுவனமே கடலுக்கென்று 2019இல் வெளியிட்ட பிளாக் சீஸ் என்ற நூல் இருக்கிறதே என்று நீ கேட்பாய். ஒரு கப்பலைப் பாய் விரித்து ஓட்டும் இன்பத்துக்கு அது நல்ல நூல். ஆனால் 26 கப்பல்களை அப்படி ஒவ்வொன்றாக ஓட்டினால் கப்டன்களின் வேலை மட்டுமே நடக்கும், தளபதியின் வேலை நடக்காது.

நான் வற்புறுத்துவது அந்தத் தளபதியின் வேலையைத்தான். சுஃப்ரன் அன்று பட்ட பாட்டை நினைத்துப் பார். எதிரிக்கு மிக அருகே, கைத்துப்பாக்கியால் சுடக்கூடிய தூரத்துக்கு நெருங்கும்படி அவர் கொடி ஏற்றினார். கப்டன்கள் தாமதித்தார்கள். கொடியைக் கவனிக்கச் செய்வதற்காகத் தம் கப்பலான ஏரோவிலிருந்து ஒரு பீரங்கியை வெடிக்க வைத்தார். அதைச் சுடுவதற்கான கட்டளை என்று நினைத்து அவருடைய கப்பலில் இருந்தவர்களே ஒரு பக்கப் பீரங்கிகள் அனைத்தையும் முழக்க, மற்றக் கப்பல்களும் அதைப் பின்பற்றித் தூரத்தில் நின்றபடியே சுடத் தொடங்கின. நடுவில் ஏரோவும் இல்லுஸ்திரும் அஜாக்ஸும் ஏறக்குறையத் தனித்து நின்று அடி வாங்கின. ஏரோவின் நடுப் பாய்மரம் முறிந்து விழுந்தது. சண்டையில் இரு பக்கத்திலும் ஒரு கப்பல்கூடப் பறிபோகவில்லை, துறைமுகத்துக்குத் திரும்புகையில்தான் பிரெஞ்சுக் கப்பலான ஓரியான் (Orient) தரைதட்டி அழிந்தது. இவ்வளவும் பீரங்கியின் நிறையாலோ பாயின் கிழிசலாலோ நேர்ந்தவை அல்ல. ஒரு மனிதன் நினைத்தது இன்னொரு கப்பலில் நின்றவனுக்குப் போய்ச் சேராததால் நேர்ந்தவை. அந்த இடைவெளியைக் காட்டாத விதிநூல் வேறு எதைக் காட்டினாலும் இந்தச் சண்டைக்கு உதவாது.

பெடியன்கள் இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். பிளாக் பவுடரில் கட்டளை கொடுக்க இரண்டு பகடை உருட்ட வேண்டும். வரும் கூட்டுத்தொகை தளபதியின் தரத்தை மிஞ்சக்கூடாது. சாதாரணத் தளபதிக்குத் தரம் 8, அதாவது 36 வாய்ப்புகளில் 26 அவர் பக்கம். சுஃப்ரனின் கப்டன்களுக்குத் தரத்தை 6 ஆக்கினால் 36இல் 15 மட்டுமே. இரண்டு ஆறு விழுந்தால் பெருங்குழப்பம். அதுதான் அந்தப் பீரங்கி வெடி என்கிறார்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பணியாமல் நிற்பது பகடை, கப்டன் அல்ல. தளபதியாக அமர்ந்தவன் உருட்டுகிறான், தவறுகிறது, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான். அவன் தேர்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

அதனால் நான் முன்மொழிந்தது டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்ற விதிநூலின் முறையை. பில் பார்க்கர் முதன்மையாக எழுதி 1990இல் வந்த சிறு நூல் அது. பண்டைக்கால, இடைக்காலப் போர்களுக்கானது. ஒரு தரப்புக்கு 12 படைத் துண்டுகள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகடை. அதில் விழும் எண் எத்தனையோ அத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு நகர்வு. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் துண்டுகள் ஒரு கூட்டமாக ஒரே நகர்வில் போகலாம், பிரிந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி நகர்வு வேண்டும். ஹியூஸிடம் 12 கப்பல் இருந்தது தற்செயல் என்றாலும், மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வரிசை குலையாமல் போகும் கப்பற்படை ஒரு புள்ளியில் நகர்கிறது. வரிசை குலைந்த மறுகணமே தளபதி ஏழையாகிவிடுகிறான். தேர்வடத்தை எல்லோரும் பிடித்திருக்கும்வரை ஒரு குரலுக்குத் தேர் அசைகிறது. கை விட்டவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித்தான் திரும்ப அழைக்க வேண்டும். பகடையில் 2 விழுந்தால் பின்னால் நிற்கும் அணியைக் கூப்பிடுவதா, நடுவில் அடிபடும் மூன்று கப்பலைக் காப்பதா என்பது சுஃப்ரனாக இருப்பவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவு. வாத்தியார்கூட இதைக் கேட்டுவிட்டு, "இதில் யோசிக்க இடம் இருக்கிறது" என்றார்.

அவரை முழுமையாக நம் பக்கம் திருப்பியது இன்னொன்று. பிரஷ்யாவில் றைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த கிறீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டு முறையில் இரு பக்கத்தாரும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நடப்பதைத் தீர்மானிப்பவர் நடுவர். அதிலிருந்து நான் எடுத்தது இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குத் தளபதி ஒருவர், முன்னணி, நடுவணி, பின்னணி என்று மூன்று கப்டன்கள், நால்வரும் தனித்தனி ஆட்கள். தளபதி வாய் திறக்கக்கூடாது. புள்ளிக்கு ஒரு நிறத்தாளாக நடுவரிடம் கொடுப்பார், நடுவர் அதைத் தூக்கிக் காட்டுவார், இடையில் புகை இருந்தால் பாதியை மறைத்துக் காட்டுவார். நடுவர் எங்கள் வாத்தியார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அப்புக்காத்து சுஃப்ரன். பகடையில் 1 விழுந்தது. அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பின்னணிக்குப் பச்சைத் தாளைக் கொடுத்தார். "என்னிடம் வா" என்பது அதன் பொருள். வாத்தியார் தாளின் மேற்பாதியைக் கையால் மறைத்துத் தூக்கினார். பின்னணிப் பெடியன் கண்ணை இடுக்கிப் பார்த்து, அதை "அந்த இடத்திலேயே நில்" என்ற நீலம் என்று முடிவு செய்து, கப்பல்களை அசைக்காமல் விட்டான். வாழ்நாளெல்லாம் நீதிமன்றத்தில் பேசிப் பிழைத்த மனிதர் வாயை மூடிக்கொண்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் அங்கே நின்ற அனைவருக்கும் 1782 விளங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான பிரிவுகள் எழுதினாலும் அதை விளங்கப்படுத்த முடியாது.

காற்றைப் பற்றி நான் கவலைப்படவில்லை, அதை மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டி பொறுப்பேற்றிருக்கிறார். 1782இல் அன்று தென்மேற்கிலிருந்து வீசிய காற்று மாலையில் மாறிக் கடல் பக்கத்திலிருந்து வீசியது. வேறு கடல்களை நினைத்து எழுதிய நூல்களின் காற்று அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எங்கள் கச்சான் காற்று இப்படி அடிக்காது" என்று ஓரமாகத் தள்ளிவைத்தார். இப்போது அவரே நேரத்துக்கு நேரம் எழுதித் தருகிறார்.

கப்பல்களையும் இங்கேயே செய்கிறோம். ரூபாய் விழுந்த விழுக்காட்டில் வெளிநாட்டிலிருந்து ஈய உருவங்களைத் தருவிக்க எவராலும் முடியாது. 1,200இல் ஒரு பங்கு அளவில் 74 பீரங்கிக் கப்பல் ஒன்றின் உடல் ஏறக்குறைய நாலரைச் சென்ரிமீற்றர்தான் வரும். உடல் மரச்சீவல், பாய்மரம் ஈர்க்கு, பாய் பசை தடவிக் காயவைத்த தாள். ஈர்க்கைப் பச்சையாக நட்டால் காய்ந்தபின் வளைந்துவிடும். வெயிலில் உலர்த்தி, நேராக நிற்பதை மட்டும் பொறுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவள் என் மகள்.

தீராமல் நிற்பது ஒன்றே. பிரெஞ்சுப் பக்கத்தின் மூன்று அணிக்கும் மூன்று பகடை வேண்டும் என்று பெடியன்கள் கேட்கிறார்கள். 14 கப்பலுக்கு ஒரு பகடை போதாது, ஆட்டம் இழுபடும், கப்டனாக நிற்பவன் சும்மா நிற்கிறான் என்பது அவர்கள் முறைப்பாடு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஞாயிறு முழுவதும் நின்றுவிட்டு இரண்டு முறை மட்டும் கப்பலைத் தொட்ட பெடியன் அடுத்த கிழமை வரமாட்டான், ஆள் இல்லாமல் கழகமும் இல்லை. ஆனால் மூன்று பகடை வந்தால் எல்லோருக்கும் போதிய புள்ளி கிடைக்கும், சுஃப்ரனின் நெருக்கடி கரைந்துவிடும் என்பது என் பயம். ஒரே பகடையை வைத்துக்கொண்டு, எதிரியின் சூட்டெல்லைக்குள் வந்துவிட்ட கப்டன் மட்டும் கட்டளை இல்லாமல் ஒரு நகர்வு செய்யலாம் என்று விட்டால் என்ன? அல்லது ஹியூஸுக்கு ஒன்று, சுஃப்ரனுக்கு இரண்டு என்று வைப்பதா? பள்ளிக்கூட நாட்களில் தீப்பெட்டிக் கப்பல்களுக்கு நாம் விதி எழுதிய அந்தக் கொப்பி உன்னிடம்தான் இருக்க வேண்டும். அதில் நீ இதே சிக்கலுக்கு ஏதோ வழி கண்டிருந்தாய் என்று ஞாபகம். தேடிப்பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

மாதக் கடைசி ஞாயிறு வாக்கெடுப்பு. நீ எழுத்தில் அனுப்பினால் உன் வாக்கையும் எண்ணுவதாக வாத்தியார் சொல்லியிருக்கிறார். குதிரையையும் கூடவே அனுப்பச் சொன்னார். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்