ஐஸ் ஒத்தடத்துக்கும் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுளுக்கு, அடி, வீக்கம் ஆகியவற்றுக்கான கைவைத்தியக் குறிப்புகளை வெளியிடும் நாளிதழ்கள் பெரும்பாலும் "ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகின்றன. எவ்வளவு நேரம், எதில் சுற்றி, யாருக்குக் கூடாது என்ற விவரங்கள் விடுபடுவதால், எளிய சிகிச்சை ஒன்று சிலருக்குத் தோல் புண்ணில் போய் முடிகிறது.

குளிர் பட்டதும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி, அடிபட்ட இடத்தில் இரத்தமும் நீரும் கசிந்து சேர்வது மட்டுப்படுகிறது. வலியை உணர்த்தும் நரம்புகளின் வேகமும் தணிகிறது. கணுக்கால் பிசகிய முதல் ஓரிரு நாள்களுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், குளிர்தான் ஏற்றது என்பது இதனால்தான். நாட்பட்ட தசை இறுக்கத்துக்கோ வெப்பமே இதமளிக்கும்.

மெல்லிய துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 முதல் 20 நிமிடம் வரை வைத்தால் போதும். அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நன்றாக மரத்துப்போகும்வரை வைத்திருப்பதே சிறந்தது என்று பலரும் நம்புகிறார்கள். மரத்துப்போன தோலால் எரிச்சலை உணர்த்த முடியாது என்பதால், ஒத்தடப் பையோடு தூங்கிவிடுபவர்கள் கொப்புளத்தைப் பார்த்த பிறகே விபரீதத்தை அறிகிறார்கள். இதில் ஜெல் பைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகாது; வீட்டு ஃப்ரீசரோ வழக்கமாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால், அதிலிருந்து அப்படியே எடுத்த பை, பார்க்க மென்மையாக இருந்தாலும், அதைவிட மிகக் கடுமையானது. உடைத்த ஐஸுடன் சிறிது தண்ணீர் சேர்த்த சாதாரணப் பையே எனக்கு மேலானதாகப் படுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்திலும் முழங்கையின் உட்புறத்திலும் நரம்பு தோலை ஒட்டியே ஓடுவதால், அங்கே நெடுநேரம் அழுத்தி வைத்தால் நரம்பே பாதிக்கப்படலாம்.

நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள், இரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள், குளிரில் விரல்கள் வெளுத்துப்போகிறவர்கள், குளிர் பட்டால் தடிப்பு எழுகிறவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. தீக்காயத்துக்கு ஐஸ் அறவே ஆகாது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதே சரி.

அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தாமே எழுதினார். வலியைத் தணிக்கச் சிறிது நேரம் வைப்பதை அவரும் மறுக்கவில்லை. ஆகவே, இது வலிக்கான ஆறுதலே தவிர காயத்துக்கான மருந்தன்று என்பதைத் தங்கள் குறிப்புகளில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, கணுக்காலில் அடிபட்டு நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாதவர், ஐஸால் வலி அடங்கிவிட்டதென்று எக்ஸ்ரே எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதனுடன் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்