பேட்டரியின் மேல் எழுதாமல் விட்ட ஓர் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மணக்குடிக் காயலில் தூண்டில் போட்டுப் பிழைக்கிறவன். கடல்தொழிலில் நாற்பத்தோரு வருடம் ஆகிறது. மூன்று வருடமாக எங்கள் ஃபைபர் வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு மின்மோட்டாரை மாட்டி ஓட்டிவருகிறேன். அதற்கு லித்தியம் பேட்டரி வாங்கப்போய் நான் பட்ட பாட்டையும், அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் தங்கள் நாளிதழ் வழியாக நம் மாவட்டத்துத் தொழிலாளிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்தெல்லாம் இளவட்டங்கள் வந்து இந்த மோட்டாரைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக்கூடாது.

முதலில் பெயர். இதை டிரோலிங் மோட்டார் என்கிறார்கள். கேட்டவுடனே மடி இழுக்கும் விசைப்படகு நினைவுக்கு வருகிறது. மலையாளச் செய்திகளில் மழைக்கால இழுவைமடித் தடையையே 'டிரோலிங் நிரோதனம்' என்று சொல்வதால், மேற்குக் கடற்கரை ஊர்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. தூண்டிலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வள்ளத்தை மெல்ல ஓட்டிப்போவதுதான் டிரோலிங். அதற்கென்று வந்த சின்ன மோட்டார் இது. என்னுடையது 12 வோல்ட். 55 பவுண்டு தள்ளுவிசை, அதாவது நம் கணக்கில் 25 கிலோ. சத்தம் கிடையாது, மண்ணெண்ணெய்ப் புகை கிடையாது. அலையாத்தி வேருக்கடியில் கொடுவாயும் செம்பல்லியும் ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு எஞ்சினைப் போட்டுக்கொண்டு போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்க்கலாம். இந்த மோட்டாரோடு போனால் மீனின் தலைக்கு மேலேயே போய் நிற்கலாம். கடலில் அலையை உடைத்துப் போவதற்கு எஞ்சின்தான் வேண்டும். அந்த வேலைக்கு இதை யாரும் நம்பக்கூடாது.

தொடக்கத்தில் 100 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரி வைத்திருந்தேன். ஆம்பியர்-அவர் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. எடை 29 கிலோ. இரவில் வள்ளத்தில் விட்டுவிட்டு வர முடியாது என்பதால் தினமும் இரண்டு முறை மணலில் சுமக்க வேண்டும். அதைச் சுமந்தே என் இடது தோள் போயிற்று. சுமந்ததற்கேற்ற ஓட்டமாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அதன் மேல் எழுதியிருக்கும் 100 என்பது, 5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. என் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். அப்படி இழுத்தால் ஈய பேட்டரி அந்த நூறைத் தருவதில்லை. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடும் சீக்கிரம் கெட்டுப்போகும். லித்தியம் அப்படியல்ல. ஐம்பது ஆம்பியர் இழுத்தாலும் ஏறக்குறைய முழு நூறையும் தந்துவிடும், எடையும் பாதிக்கும் குறைவு. இந்த நியாயத்தைக் கேட்டுத்தான் 26,500 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினேன். வாங்கிய கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு கடையைப் பற்றிய புகார் அல்ல இது.

இரண்டு மாதம் பிரமாதமாக ஓடியது. ஐப்பசியில் ஒரு நாள் மாலை, மகனும் நானும் பாலத்துக்கு வடக்கே உப்பளத்துப் பக்கம் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மேலே மழை பெய்து பழையாற்றில் வெள்ளம் இறங்கியிருந்தது. கடல் வற்றும் நேரத்து நீரோட்டமும் அதோடு சேர்ந்துகொண்டது. காயல் கடலில் சேரும் வாயான பொழி திறந்திருந்ததால் காயல் முழுவதும் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. வள்ளம் பாலத்துத் தூணைப் பார்த்துப் போவதைக் கண்டு மகன் மோட்டாரைத் திருப்பி முழு வேகத்தில் வைத்தான். ஒரு நிமிடம்கூட இருக்காது, மோட்டார் நின்றுவிட்டது. வேகம் குறைந்து நிற்கவில்லை. கயிறு அறுந்ததுபோல் நின்றது. மோட்டாரின் தலையில் பேட்டரி அளவு காட்டும் நான்கு பச்சை விளக்குகள் உண்டு. "விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதானே இருந்தது அப்பா" என்றான். நிறுத்திவிட்டு மறுபடி போட்டான். நான்கு விளக்கும் எரிந்தன, விசிறி சுற்றியது, மறுபடி நின்றது. எஞ்சினைப் பழுதுபார்க்கக் கழற்றிக் கரையில் வைத்திருந்தோம், அது எங்கள் தவறு. துடுப்பால் அந்த நீரை எதிர்க்க முடியவில்லை. நங்கூரத்தைப் போட்டேன். சேற்றில் இழுபட்டுக்கொண்டே வந்து, தூணுக்கு ஆறேழு பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) இருக்கும்போதுதான் பிடித்தது. 2004 ஆழிப்பேரலை பழைய பாலத்தையே பெயர்த்துப் போட்ட பொழி அது. அந்த நேரத்தில் என் கை நடுங்கியதை மகன் பார்த்தான்.

கடையில் மோட்டாரின் மேல் பழி போட்டார்கள். பேட்டரியை நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் கொண்டுபோனேன். மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரியைப் பழுதுபார்ப்பவன். மூடியைத் திறந்து, உள்ளே செல்களுக்கு மேல் கிடந்த உள்ளங்கை அகலப் பச்சைப் பலகையைக் காட்டினான். அதற்குப் பி.எம்.எஸ். என்று பெயர். செல்லுக்கு ஆபத்து வருமளவுக்கு மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும், அளவுக்கு மேல் இழுத்தாலும், சூடேறினாலும் இணைப்பைத் துண்டிக்கும் காவல்காரன். "அண்ணாச்சி, இது தொடர்ந்து 40 ஆம்பியர்தான் தாங்கும். உங்கள் மோட்டார் 50 இழுக்கிறது" என்றான். பேட்டரியின் அட்டையில் 100 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தார்களே என்று கேட்டேன். அது சில விநாடிக்கு மட்டும் தாங்கும் உச்சக் கணக்கு என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீன்பிடிக்கும்போது மெதுவாக ஓட்டுகிறோம். பதினைந்து, இருபது ஆம்பியருக்கு மேல் போவதில்லை. ஆகவே இரண்டு மாதமும் குறை தெரியவில்லை. முழு வேகம் தேவைப்படுவது ஆபத்தில்தான். அந்த ஒரு நேரத்தில்தான் இது கைவிடும். வாங்குகிறவர் எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. எழுதி வைத்திருந்தால் மட்டுமே தெரியும். அந்த எண்ணை எழுதவில்லை.

அந்தப் பச்சை விளக்குகளை லித்தியத்துக்கு ஏன் நம்பக்கூடாது என்பதையும் அவனே விளக்கினான். அவை வோல்ட்டைப் பார்த்து எரிபவை, ஈய பேட்டரிக்காகச் செய்தவை. ஈய பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் இறங்கும், மோட்டார் சோர்ந்து சோர்ந்து வரும். கரைக்குப் போகச் சொல்கிறது என்று நமக்குத் தெரியும். லித்தியம் 13 வோல்ட் அருகிலேயே நின்றுகொண்டிருந்து, கடைசியில் சட்டென்று கீழே விழும். பாதி தீர்ந்திருந்தாலும் பச்சைதான். அதற்கு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் மீட்டர் தனியாக வேண்டும். இப்போது என் வள்ளத்தில் அது இருக்கிறது. மீதி முப்பது சதவீதம் என்று காட்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன், மீன் எவ்வளவு கடித்தாலும் சரி.

என் அக்காள் மகன் கதை வேறு. அவனும் 100 ஆம்பியர்-அவர் என்று சொல்லி ஒன்றை வாங்கி வந்தான். பார்க்க என்னுடையதைப் போலவே நீலப் பெட்டி. தூக்கிப் பார்த்தேன், கை ஏமாந்தது. மீன் நிறுக்கும் தராசில் வைத்தோம். 6 கிலோ 400 கிராம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 100 ஆம்பியர்-அவருக்கு ஒன்று ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். 12 வோல்ட்டுக்கு நான்கு செல் வேண்டும். செல்லே 8 கிலோ வரவேண்டிய இடத்தில் பெட்டியோடு சேர்த்து ஆறரைகூட வரவில்லை என்றால் அதற்குள் நூறு எங்கே இருக்கும்? என்னுடையது 11 கிலோ 300. வாங்கப் போகிறவர்கள் வேறு எதையும் பார்க்கத் தெரியாவிட்டாலும் எடை போட்டுப் பாருங்கள். எடை பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

லித்தியம் என்று மட்டும் சொல்லி விற்றால் எந்த லித்தியம் என்று கேட்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகளைப் படித்துவிட்டு என் மனைவி வீட்டுக்குள் பேட்டரியை வைக்கவே பயந்தாள். பயம் நியாயமானது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை எடைக்கு அதிக மின்சாரம் பிடிக்கும். ஆனால் சூடு எல்லை தாண்டினால் தீ பரவும் வேகமும் அதிகம். இரும்பு பாஸ்பேட் வகை அதைவிட எவ்வளவோ நிதானம். அட்டையில் 12.8 வோல்ட் என்று இருந்தால் 3.2 வோல்ட் செல் நான்கு, அதாவது இரும்பு பாஸ்பேட். 11.1 அல்லது 14.8 என்று இருந்தால் மற்ற வகை. வெயிலில் காயும் வள்ளத்தில், கால்மாட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் இது. நூறு ரூபாய் குறைகிறது, ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று இதில் பார்க்கக் கூடாது.

சார்ஜரைப் பற்றி ஒரு சொல். ஈய பேட்டரியின் சார்ஜரை இதற்குப் போடக்கூடாது, 14.4 முதல் 14.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் சார்ஜர்தான் வேண்டும். முழுவதும் இறங்கி பி.எம்.எஸ். துண்டித்துவிட்டால் வெளியே வோல்ட்டே தெரியாது. அப்போது சில சார்ஜர்கள் வேலையே தொடங்காது. பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கவைத்துவிடுவார்கள். ஏமாறாதீர்கள், அதைத் தட்டி எழுப்பும் சார்ஜர்கள் இருக்கின்றன. ஆனி, ஆடியில் கடல் மூர்க்கமாகி வள்ளம் கரையேறும் நாட்களில் முழுவதும் ஏற்றியும் வைக்காதீர்கள், முழுவதும் இறக்கியும் வைக்காதீர்கள். பாதி ஏற்றி, அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி, நிழலில் வையுங்கள்.

உப்புக் காற்று எங்கள் பெரிய எதிரி. ஆறு மாதத்தில் செம்பு இணைப்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. களிம்பு பிடித்த இடம் சூடாகிறது. வாரம் ஒரு முறை கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி முடுக்குகிறேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும் போட்டிருக்கிறேன்.

இப்போது நான் வைத்திருப்பது இரண்டாவது பேட்டரி. 41,000 ரூபாய். தொடர்ந்து 100 ஆம்பியர் தரும் பி.எம்.எஸ். என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். எழுத முதலில் மறுத்தார்கள். எழுதாவிட்டால் வேண்டாம் என்று எழுந்தபிறகுதான் எழுதினார்கள். முதல் பேட்டரிக்கு உத்தரவாதம் கேட்டுப் போனபோது, வள்ளத்தில் பயன்படுத்தினால் உத்தரவாதம் இல்லை என்று சிறிய எழுத்தைக் காட்டியிருந்தார்கள். விற்கும்போது வள்ளத்துக்குத்தான் வாங்குகிறேன் என்று தெரியும் அவர்களுக்கு. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, மீனவர்களுக்கு விற்கும் ஒவ்வொரு லித்தியம் பேட்டரியின் மேலும் அது எந்த வகை, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும், எடை எவ்வளவு என்று தமிழில் பெரிதாக அச்சிடச் செய்ய வேண்டும். மற்றொன்று, நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் அங்கே பேட்டரிகளைச் சோதித்துத் தர மீன்வளத் துறை ஏற்பாடு செய்யலாம். ஐம்பது ஆம்பியர் சுமை ஏற்றி எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கு படிக்கும் பிள்ளைகளுக்கும் அது பாடமாகும். மேலும், 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்துபோனவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பவர்களுக்கு உண்டு. ஈய பேட்டரியைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்ளும் எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் லித்தியத்தைத் தொடுவதில்லை. அதை எங்கே கொடுப்பது என்று யாராவது சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது காயல் கரையில்தான் வந்து விழும்.

என் முதல் பேட்டரி மூடி திறந்தபடி வீட்டில் இருக்கிறது. அதன் அட்டையையும், உள்ளே இருக்கும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்பும் அதிகாரிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் எந்த நாளும் காட்டத் தயாராக இருக்கிறேன். மாலை நான்கு மணிக்குமேல் வந்தால் நான் கரையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தூண்டில் தொழிலாளி ஒருவர்,
கீழ மணக்குடி,
கன்னியாகுமரி மாவட்டம்.