மூன்றரை மணிக்கு விழித்திருந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நாளையோடு நீ பாலக்கோட்டில் பெங்களூர் பேருந்து ஏறி ஓராண்டு நிறைகிறது. அன்று காலை நம் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. நம் தெருவில் கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரும் இதைப் படிப்பார்கள்; அவர்களுக்குத் தெரிந்தவரை போதும். நான் எழுத வந்தது அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், நம் பட்டுப்புழுக்கள் பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான, அந்த இரவைப் பற்றி.

50 முட்டைத் தொகுதிப் புழுக்களில் பெரும்பகுதி ஒரே மாலையில் பழுத்துவிட்டது. கூலிக்கு வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. தழை தின்பதை நிறுத்திவிட்டு, உடல் கண்ணாடிபோல் மின்ன, தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்த புழுக்களை நீயும் நானும் அம்மாவும் விடிய விடியப் பொறுக்கி, அவை கூடு கட்டும் தட்டுகளான சந்திரிகைகளில் விட்டோம். அதற்கு முந்தைய மூன்று மாதங்களாக நீ மூன்றரை மணிக்கே விழித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். பகல் பதினொரு மணிக்குப் போர்வைக்குள் கிடப்பாய். அந்த இரவில் ஒரு நொடியும் நீ கண்ணயரவில்லை. விடிந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, இரண்டு உருண்டைக் களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கினாய். அம்மாவின் நடையைப் போல நடந்து காட்டினாய். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உன்னைத் துரத்தியது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த ஒரு காலையை வைத்துக்கொண்டுதான் உனக்கு வேலையே மருந்து என்று நான் தீர்மானித்தேன். அடுத்த இரவு தூங்கி எழுந்த நீ மறுபடியும் சுருண்டு கிடந்தபோது, 'கூடு விற்ற பணம் வந்தால் எழுந்து உட்காருவான், நடிப்பு' என்று எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன்பின் நீ மூன்றரை மணிக்கு விழித்தால் டார்ச் விளக்கைக் கையில் கொடுத்துத் தழை வெட்ட அனுப்பினேன். பகலில் கண் சொருகினால் முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

நீ மருந்து வாங்கும் மனநல மருத்துவரிடம் ஒருமுறை உன்னோடு வந்தபோது அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நீ அப்போது வெளியே மருந்துக்கு வரிசையில் நின்றிருந்தாய். ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்தால், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுநாள் மனம் தெளிவதுண்டு, அடுத்த தூக்கத்திலேயே அந்தத் தெளிவு பெரும்பாலும் கலைந்துவிடும் என்றார் அவர். ஜெர்மன் மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். ஆக, அன்று காலை நீ சிரித்ததும் உண்மை, மறுநாள் எழ முடியாமல் போனதும் உண்மை. விடியலுக்கு வெகு முன்பே விழிப்பது, காலையில் மனம் அடிமட்டத்தில் கிடப்பது, பொழுது சாயச் சாயச் சற்றுத் தேறுவது ஆகிய மூன்றும் இந்த நோயின் ஒரு வகையில் சேர்ந்தே வரும் என்றும் சொன்னார். மாலையில் நீ பசங்களோடு கேரம் ஆடியதைத்தான் நான் உனக்கு எதிரான சாட்சியாக வைத்திருந்தேன்.

மன்னித்துவிடு. இதை எழுதிய கையோடு இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். உனக்கு அந்த மருத்துவர் மாத்திரையோடு சொன்னது என்ன? இரவு எப்படிக் கழிந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழு, பகலில் படுக்காதே, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடு. மாதக்கணக்கில் நான் கத்தியதும் ஏறக்குறைய இதுதானே? அக்கா சொன்னால் கொடுமை, டாக்டர் சொன்னால் சிகிச்சையா? நீ தாளில் குறித்துவைத்து அப்படியே நடப்பதாக அம்மா பெருமையாகச் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. மூன்று ஏக்கர் தழையை ஒற்றை ஆளாக வெட்டியவளிடம், 'அக்கா, எனக்கு விடியலில் சாகத் தோன்றுகிறது' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் சொன்னாய். (இதைப் படிக்கும் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு: அக்காவிடம் சொல்ல முடியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள்; இரவிலும் எடுப்பார்கள்.)

சொல்ல முடியாதபடி நான்தான் இருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும். நேற்று புழுக்கள் நான்காவது உறக்கத்தில் இருந்தன. தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன. தழை போடாமல், சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு, புழு வளர்க்கும் மனையின் கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்தினேன். எல்லாம் தோலுரித்து எழும்வரை காத்திருக்க வேண்டும், முந்தி எழுந்தவற்றுக்கு மட்டும் தழை போட்டால் வளர்ச்சி சீராக இராது என்று பட்டு வளர்ச்சித் துறைப் பயிற்சியில் சொல்லித் தந்ததை இத்தனை வருடங்களில் ஒரு முறையும் நான் மீறியதில்லை. கதவைச் சாத்திய பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றேன். உன் கட்டில் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தானே இருந்தது.

தீபாவளிக்கு நீ வருவதாக அம்மா சொன்னார். கட்டிலைக் கிழக்குச் சன்னலோரம் மாற்றிப் போட்டிருக்கிறேன்; காலை வெளிச்சம் நல்லது என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். டார்ச் விளக்கை அட்டத்தில் போட்டுவிட்டேன். நீ எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறாய் என அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு எழுது. நான் எழுப்பலாமா, நீயே அலாரம் வைத்துக்கொள்வாயா என்பதையும் சேர்த்து எழுது.

அக்கா